முதல் சாட்சியில் நான் சொல்லாமல் விட்ட வலி

அன்பான சபையாருக்கு, உங்களில் ஒருத்தியான பிரேமா எழுதுவது. ஆண்டவருக்கு நன்றி சொல்லித்தான் தொடங்க வேண்டும். மனதார நன்றி சொல்லியே தொடங்குகிறேன். கூடவே உங்களிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. போன வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடுவில் எழுந்து நின்று, என் இருதயத்தில் ஒரு குறையும் இல்லை, ஆண்டவர் பூரண சுகம் தந்துவிட்டார் என்று சாட்சி சொன்னேன். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். சிலர் அழுதீர்கள். அந்தச் சாட்சி சொன்ன நான்காவது நாள் எனக்கு மறுபடியும் நெஞ்சு வலித்தது. அதற்கப்புறம் ஐந்து மாதம் அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன்.

சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. வயது ஐம்பத்தொன்று. வீடு செம்பாக்கம். தாம்பரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கணவர் டேனியல் ரயில்வேயில் வேலை பார்க்கிறார். எங்கள் மகள் திருமணமாகி வெளியூரில் இருக்கிறாள். எதையும் ஏன், எதற்கு என்று கேட்டுக் குடையாமல் விடமாட்டேன் என்று வீட்டில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. அந்தக் கெட்ட பெயர்தான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

வலி முதலில் வந்தது, பள்ளி திறந்த புதிதில். எங்கள் ஆய்வகம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. காலையில் முதல் மணி அடித்ததும் படியேறிக்கொண்டிருந்தேன். நனைந்த போர்வையை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழிவார்களே, அப்படி நெஞ்சு நடுவில் முறுக்கியது. இடது தோளுக்கும் தாடைக்கும் இழுத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது.

ஆசிரியர் அறையில் சொன்னதும் வைத்தியம் கொட்டியது. ஒருவர் சீரகத் தண்ணீர் என்றார். ஒருவர் இஞ்சி என்றார். "கேஸ்தான் மிஸ், காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று ஒருவர் குற்றவாளியை விசாரிப்பதுபோல விசாரித்தார். இன்னொருவர் மாதவிடாய் நிற்கிற வயதில் இப்படித்தான் ஏதாவது இருக்கும் என்றார். நானும் இட்லியைக் குறைத்தேன், காபியை விட்டேன். வலி குறையவில்லை.

எனக்கு உள்ளுக்குள் வேறொரு பயம் இருந்தது. என் அப்பா ஐம்பத்து நான்கு வயதில், பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர். வீட்டுக்கு அவர் திரும்பி வரவில்லை. எனக்கு அந்த வயதுக்கு அப்போது நான்கு வருஷம்தான் பாக்கி.

ஈசிஜியில் லேசாக ஏதோ மாறுதல் தெரிகிறது என்றார்கள். டிரெட்மில் என்கிற ஓடும் பட்டையில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள், பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆஞ்சியோ எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர். அந்த வாரம் நான் ஒரு வெள்ளைத் தாளில், கேஸ் புத்தகம் எங்கே இருக்கிறது, மின்சார அட்டை எங்கே இருக்கிறது, மகளின் பிரசவத்துக்கு எடுத்து வைத்த புடவை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எழுதி வைத்தேன். சாகப் பயமாக இருந்தது. விசுவாசிக்கு மரணபயம் இருக்கக் கூடாது என்பார்கள். எனக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை பெண்கள் உபவாச ஜெபத்தில் என் பெயரைக் கொடுத்தேன். நம் ரூபி அக்காவின் ஜெப நோட்டு உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரூபி அக்கா பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். தபால் நிலையத்தில் கவுண்ட்டர் வேலை. நீளமான அந்த நோட்டின் முன்பக்கத்திலிருந்து விண்ணப்பங்கள், பின்பக்கத்திலிருந்து ஸ்தோத்திரங்கள். யாராவது சாட்சி சொல்லிவிட்டால், முன்னால் இருக்கும் பெயரை சிவப்பு மையில் அடித்துவிட்டு, பின்னால் எழுதுவார். அடிபட்ட பெயருக்கு அடுத்த வெள்ளியிலிருந்து ஜெபம் கிடையாது. அதுதான் நம் வழக்கம். பெயர் அடிபடுவதற்காக நாமெல்லாம் காத்திருப்போம்.

ஆஞ்சியோ அன்று எனக்கு மயக்க மருந்துகூடக் கொடுக்கவில்லை. மணிக்கட்டில் ஊசி மட்டும். திரையில் என் இருதயத்தின் குழாய்கள் மரக்கிளைபோல விரிந்து விரிந்து மறைந்தன. பயத்தையும் மீறி எட்டி எட்டிப் பார்த்தேன். படிக்கிற காலத்தில் பாடப் புத்தகப் படத்தில் பார்த்ததை நேரில் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? "மூணு மெயின் குழாயும் சுத்தமா இருக்கும்மா. அடைப்பே இல்ல. இதயம் நார்மல். டென்ஷனைக் குறைச்சுக்கோங்க, போதும்" என்றார் மருத்துவர்.

பொது இடத்தில் என் கையைப் பிடித்தே அறியாத என் கணவர், வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் என் கையை விடவில்லை. "நார்மல் பிரேமா, நார்மல்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். வழியில் மைசூர்பாகு வாங்கினார். அந்த ஞாயிறு நான் சாட்சி சொன்னேன். அன்று நான் பொய் சொல்லவில்லை. மருத்துவர் சொன்னதைத்தான் சொன்னேன். சந்தோஷத்தில் இரண்டு கைப்பிடி அதிகமாகவே அள்ளிப் போட்டேன்.

நான்காவது நாள். தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலம். கிழக்கிலிருந்து மேற்குப் பக்கம் போக ஏறிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் அதே முறுக்கல். அதே தோள், அதே தாடை. கூட்டம் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போனது. செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து உட்கார்ந்தேன். எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல, வெட்கம். ஐயோ, சாட்சி சொல்லிவிட்டேனே என்றுதான் நினைத்தேன்.

யோசித்துப் பாருங்கள். சபை நடுவில் சுகமானேன் என்று சொன்னவள், அடுத்த வாரமே வலிக்கிறது என்று எந்த முகத்தோடு வந்து சொல்வாள்? சொன்னால் ஆண்டவர் பெயருக்குக் கெடுதல் என்று நினைத்தேன். என் விசுவாசம் போதாது என்று நினைப்பார்களோ என்றும் பயந்தேன். கணவரிடம் சொல்லலாம் என்றால், அவர் அந்தச் சந்தோஷம் தீர்ந்துவிடக் கூடாது என்று மைசூர்பாகுப் பெட்டியில் கடைசித் துண்டை எறும்பு வரும்வரை வைத்திருந்து சாப்பிட்ட மனிதர். மருத்துவரிடம் போகலாம் என்றால், அவரே நார்மல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நார்மலான இதயம் வலிக்கிறது என்று போய் நின்றால் மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதித் தருவார் என்று தோன்றியது. கடைசியில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இது வலியா, என் கற்பனையா?

மறைக்கிற வித்தைகளில் கைதேர்ந்தேன். படி நடுவில் நின்று போனைப் பார்க்கிற டீச்சர் ஆனேன். நான் ஒரு வரிகூட எழுதாத வாட்ஸப் குழுக்களை எல்லாம் அந்தப் படியில் நின்று படித்து முடித்திருக்கிறேன். ஆய்வக வகுப்புகளைப் பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். சபையில் மூன்றாவது வரிசையில் உட்காருகிறவள், கடைசி பெஞ்சில் வாசலோரமாக உட்கார ஆரம்பித்தேன். மாடி ஹாலில் நடக்கும் கூட்டத்துக்கு ஏதாவது சாக்கு சொல்லிவிடுவேன். வெள்ளிக்கிழமைகளில் மற்றவர்களுக்காக ஜெபிக்கும்போது, என் பெயர் அடிபட்டுப் போனதே என்று உள்ளே ஏங்குவேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது இதுதான்.

அப்போதுதான் என் கெட்ட குணம் தலைதூக்கியது.

பிளஸ் டூ மாணவர்களுக்கு உப்புப் பகுப்பாய்வு என்று ஒரு செய்முறை உண்டு. தெரியாத ஒரு உப்பைக் கொடுத்து, அது என்னவென்று கண்டுபிடிக்கச் சொல்வோம். நோட்டில் மூன்று பத்தி போட வேண்டும்: சோதனை, காண்பன, அறிவன. என்ன செய்தாய், என்ன பார்த்தாய், அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய். மாணவர்கள் ஒரு திருட்டுத்தனம் செய்வார்கள். பக்கத்துப் பையனிடம் விடையைக் கேட்டு, முதலில் அறிவனவை எழுதிவிட்டு, அதற்குத் தகுந்தாற்போலக் காண்பனவை நிரப்புவார்கள். பார்க்காத நிறத்தை எல்லாம் பார்த்ததாக எழுதுவார்கள். அதற்கு நான் போடாத சத்தம் இல்லை. ஒருநாள் அப்படி ஒருத்தியைத் திட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கே சுருக்கென்றது. பெரிய குழாயில் அடைப்பு இல்லை என்பது நான் பார்த்தது. எனக்கு நோயே இல்லை என்பது நானாக எழுதிக்கொண்ட அறிவன. இரண்டும் ஒன்றா?

அன்றே ஒரு பழைய செய்முறை நோட்டின் காலிப் பக்கங்களில் மூன்று பத்தி போட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். ஆய்வகப் படி ஏறினேன்: வலி, உட்கார்ந்ததும் பத்து நிமிடத்தில் போனது. மார்கழிக் காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தேன்: வலி. துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடி ஏறினேன்: வலி. நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்: வலி இல்லை. ஆகவே கேஸ் இல்லையோ என்று பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். தலைமை ஆசிரியை கூட்டிய கூட்டத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன்: வலி. கணவரோடு நல்ல சண்டை: வலி இல்லை. இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கற்பனையாக இருந்தால் சண்டையில்தானே முதலில் வர வேண்டும்?

காண்பன பத்தி நிரம்பிக்கொண்டே போனது. அறிவன பத்தி மட்டும் காலி. அதைப் பார்க்கப் பார்க்க என் ஜெபம் மாறியது. அதுவரைக்கும், ஆண்டவரே இதை எடுத்துப் போடும், எடுத்துப் போடும் என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, செம்பாக்கம் ஏரிக்கரையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வலி வந்து உட்கார்ந்திருந்தேன். தண்ணீரில் நாமக்கோழிப் பறவைகள் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தன. அப்போது, நோட்டை மடியில் வைத்துக்கொண்டே இப்படி ஜெபித்தேன்: "ஆண்டவரே, எடுக்கிறதும் விடுகிறதும் உம்முடைய இஷ்டம். இது என்னவென்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். இந்தக் கடைசிப் பத்தியை நிரப்பித் தாரும். யாரிடம் போய்க் கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறக்கவும் தைரியம் இல்லை. யாராவது என்னைக் கேட்கும்படி செய்யும்."

என் வாழ்க்கையில் நான் செய்த ஜெபங்களிலேயே மிகவும் சின்ன ஜெபம் அது. வலியைப் பற்றி அவரிடம் உண்மையைச் சொன்ன முதல் ஜெபமும் அதுதான்.

அடுத்த வாரம் நம் பெண்கள் ஐக்கியத்தின் கோவளம் பயணம் இருந்தது. பிப்ரவரி மாதம், வெயில் இன்னும் ஏறாத நாட்கள். உங்களில் சிலரும் அந்த வேனில் வந்தீர்கள். கடற்கரையில் ஜெபம் முடிந்து, புளியோதரை சாப்பிட்டு, எல்லோரும் அலையில் கால் நனைக்கப் போனார்கள். ரூபி அக்காவுக்கு மட்டும் கண் மீன் மேலேயே இருந்தது. படகு இழுத்து வைத்திருக்கும் இடத்தில் சங்கரா மீனைக் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்து அவர் பேரம் பேசியதில் விற்கிற அம்மாவுக்கே அலுத்துவிட்டது. "இன்னாம்மா, வாங்கப் போறியா, இல்ல மீன வெச்சுகினு பேசிகினே இருக்கப் போறியா?" என்று கேட்டார். கடைசியில் இரண்டு கிலோவை ஐஸ் போட்டுப் பையில் வாங்கினோம். பையை நான் தூக்கிக்கொண்டேன்.

மணலில் நடப்பது படியேறுவதைவிட மோசம் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். வேனுக்குப் பாதி தூரம்கூட வரவில்லை, முறுக்கல் வந்துவிட்டது. வழக்கமான வித்தையை எடுத்தேன். பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து மணலைக் கிளறினேன்.

"என்ன பிரேமா, என்ன தேடறே?"

"சிப்பி அக்கா."

"இங்க ஏதுடி சிப்பி? எல்லாம் மீன் செதில்தான் கிடக்கு. நிமிர்ந்து என்னைப் பாரு."

நிமிர்ந்தேன். முகம் வியர்த்திருந்தது. ரூபி அக்கா கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் நிழலில் என்னை உட்கார வைத்தார். மீன் பையிலிருந்து ஒரு கை ஐஸை எடுத்து என் கழுத்தில் துடைத்தார். கழுத்தெல்லாம் சங்கரா வாசம்.

"நெஞ்சு வலிதானே? எவ்வளவு நாளா?" என்றார்.

அவ்வளவுதான். ஐந்து மாதம் அடைத்து வைத்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. மேம்பாலம், போன் வித்தை, கடைசி பெஞ்ச், செய்முறை நோட்டு, எல்லாம் சொன்னேன். சாட்சி சொல்லிவிட்டு எப்படி அக்கா சொல்வேன் என்று அழுதேன். என் பேரை அடிச்சிட்டீங்களே என்றுகூடச் சொல்லிவிட்டேன், குழந்தை மாதிரி.

ரூபி அக்கா கைப்பையைத் திறந்து அந்த நீள நோட்டை எடுத்தார். முன்பக்கத்தைப் புரட்டினார். போன வருஷத்துப் பக்கம். எனக்கு மேலே இருந்த பெயரில் சிவப்புக் கோடு. கீழே இருந்த பெயரிலும் சிவப்புக் கோடு. நடுவில், 'பிரேமா டேனியல், நெஞ்சு வலி' என்று நீல மையில் எழுதியது எழுதியபடியே இருந்தது.

"பின்னாடி ஸ்தோத்திரத்துல எழுதிட்டேன். முன்னாடி அடிக்கலாம்னு பேனாவை எடுத்தேன்" என்றார். "நீ அடுத்த வாரமே வாசலோரம் போய் உக்காந்தே. மாடி ஹாலுக்கு வரல. ஏதோ சரியில்லன்னு பட்டுச்சு. வாங்கினவங்க கையெழுத்தோட ஒப்புகை அட்டை திரும்பி வராம, தபால் சேர்ந்துடுச்சுன்னு நான் எழுத மாட்டேன். வெள்ளிக்கிழமை சத்தமா படிக்கறப்ப உன் பேரை விட்டுடுவேன், உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு. வீட்டுக்குப் போய் உனக்குத் தனியா ஜெபம் பண்ணுவேன்."

"எல்லா வெள்ளிக்கிழமையுமா அக்கா?"

"பின்ன? பேர் அடிபடலயே."

நான் ஜெபமே இல்லாமல் தனியாகக் கிடக்கிறேன் என்று நினைத்த ஐந்து மாதமும் என் பெயர் அந்த நோட்டில் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. அந்தப் படகு நிழலில் நான் அழுத அழுகையில் வலியைவிட நன்றிதான் அதிகம். அக்காவே கேட்டிருக்கலாமே என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "நானும்தான் தப்பு பண்ணினேன். சாட்சி சொன்னவளை எப்படிக் கேக்கறதுன்னு எனக்கும் தயக்கம்" என்றார். பாருங்கள், ஒரு சாட்சி எத்தனை பேர் வாயைக் கட்டிப் போடுகிறது.

அன்று மாலையே வீட்டில் கணவரிடம் சொன்னேன். "அஞ்சு மாசமாவா? நானும் பக்கத்துலயே இருந்தேனே" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னைக் குத்துகிறது. பிறகு எழுந்து போய்த் துணி வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அன்றிலிருந்து அந்த வாளி அவருடையது.

வேறொரு இருதய மருத்துவரைப் பார்த்தோம். நாற்பது வயதுகூட இருக்காது, பெண் மருத்துவர். பழைய ரிப்போர்ட்டுகளோடு என் செய்முறை நோட்டையும் நீட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். கூட்டத்தில் வலி, சண்டையில் வலி இல்லை என்ற இடத்தில் மட்டும் லேசாகச் சிரித்துவிட்டு என் கணவரைப் பார்த்தார்.

"நீங்க என்ன டீச்சர்?" என்றார்.

"கெமிஸ்ட்ரி."

"அதான். இவ்வளவு தெளிவா யாரும் கொண்டுவந்து கொடுத்ததில்ல. முதல்ல ஒண்ணு சொல்றேன். இது உங்க கற்பனை இல்ல."

அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை மாதம் காத்திருந்தேன் என்பது அது காதில் விழுந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். ஆஞ்சியோவில் தெரிவது பெரிய குழாய்கள் மட்டும். அவற்றிலிருந்து முடியைவிட மெல்லியதாகப் பிரிந்து இதயத் தசைக்குள் போகிற ஆயிரக்கணக்கான சின்னக் குழாய்கள் அதில் தெரியாது. தேவையான நேரத்தில் அவை விரிந்து கொடுக்காவிட்டால், அல்லது சுருங்கிக்கொண்டால், இதயத்துக்கு ரத்தம் போதாமல் வலிக்கும். "உங்க தெருவுல மெயின் பைப்புல தண்ணி நல்லா வருது, ஆனா உங்க வீட்டுக் குழாய்ல சொட்டுதுன்னா, பிரச்சினை எங்க? உள்ள வர்ற சின்ன பைப்புல" என்றார். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடிய அனுபவம் உள்ள செம்பாக்கத்துக்காரிக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

எனக்கு ஆயிரம் கேள்வி. ஏன் காலையில் அதிகம்? ஏன் குளிரில்? ஏன் பெண்களுக்கு? ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். சிலவற்றுக்கு, "அது எங்களுக்கே இன்னும் முழுசா தெரியாது" என்றார். அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இது மாதவிடாய் நிற்கிற காலத்துச் சூடு, பெண்களின் படபடப்பு என்று ஒதுக்கப்பட்டு வந்த வலிகளில் ஒன்று என்றும் சொன்னார்.

கடைசியில், இத்தனை நாள் கேட்கப் பயந்த கேள்வியைக் கேட்டேன். "டாக்டர், எங்கப்பா அம்பத்து நாலுல போயிட்டார். எனக்கு எப்படி? இனிமே என்ன ஆகும்?"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "நேராவே சொல்றேன். அடைப்பு இருக்கறவங்களைவிட உங்க நிலைமை நல்லது. இதோட பல வருஷம் நல்லா இருக்கறவங்க நிறையப் பேர். ஆனா ஒண்ணுமே இல்லன்னு முன்னாடி நினைச்ச மாதிரியும் இல்ல. வலி போகலாம், திரும்ப வரலாம், வருஷக்கணக்குல கூடவே இருக்கலாம். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூணையும் கட்டுப்பாட்டுல வெச்சு, நடந்து, மாத்திரையை விடாம, அப்பப்ப வந்து காட்டினா பயப்பட வேண்டியதில்ல. நார்மல்னு ஃபைலை மூடி வெச்சுட்டுப் போறவங்களை நினைச்சாதான் எனக்குப் பயம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த ஃபைலை மூடினவள் நான். அதன் மேல் சாட்சி என்று முத்திரையும் குத்தினவள்.

பரிசோதனையில் எனக்கே தெரியாமல் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. சர்க்கரையும் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது. மறைத்து வைத்த ஐந்து மாதத்தில் அவையும் சத்தமில்லாமல் வளர்ந்திருக்கின்றன. மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். குறையாவிட்டால் பெரிய மருத்துவமனையில் சின்னக் குழாய்களைச் சோதிக்கும் முறை ஒன்று இருக்கிறது, அதைப் பார்ப்போம் என்றார். இப்போதுவரை அதற்குத் தேவை வரவில்லை. உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, மாத்திரைக்கும் அடங்காமல் நின்றாலோ, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், பழைய ஆஞ்சியோ நார்மல் என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது என்று என் கணவரிடம் இரண்டு முறை சொன்னார்.

வீட்டுக்கு வந்து செய்முறை நோட்டைத் திறந்து, அறிவன என்ற பத்தியில் அவர் சொன்னதை எழுதினேன். எழுதி முடித்துவிட்டு முழங்கால்போட்டேன். நான் கேட்டதும் அதுதானே. ஏரிக்கரையில் கேட்ட இரண்டையும், கேட்கிற ஆளையும் கடைசிப் பத்தியையும், ஒரே மாதத்துக்குள் தந்துவிட்டார். எனக்குப் பதில் வந்த விதம் விசித்திரமானது. மீன் வாசத்தோடு வந்தது, தபால்கார அக்காவின் கறார் குணத்தோடு வந்தது, ஒரு மருத்துவரின் காகிதப் படத்தோடு வந்தது. வானத்திலிருந்து வந்திருந்தால்கூட நான் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன்.

இப்போது எப்படி இருக்கிறேன் என்று கேட்பீர்கள். இந்த முறை காண்பனவை மட்டும் சொல்கிறேன். தினமும் காலையில் ஏரிக்கரையில் நடக்கிறேன். முதல் வாரம் இரண்டு மின்கம்பத்துக்கு இடையே நடந்தேன். இப்போது கரையின் மறுமுனை வரைக்கும் நடக்கிறேன், என் கணவர்தான் மூச்சு வாங்குகிறார். குளிக்க வெந்நீர். ஆய்வகப் படியை ஒரு இடத்தில் நின்று ஏறுகிறேன். போன் பார்ப்பதில்லை; நெஞ்சு வலிக்காரி, கொஞ்சம் நின்று வருகிறேன் என்று மாணவர்களிடமே சொல்லிவிட்டேன். முன்புபோல வாரம் நாலு தடவை வலி வருவதில்லை. ஆனால் வருகிறது. இந்த மாதம் இரண்டு தடவை வந்தது. கடைசியாகப் போன செவ்வாய்க்கிழமை, காய்கறிப் பையோடு பேருந்தைப் பிடிக்க ஓடியபோது. பேருந்தை விட்டுவிட்டு, நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். அப்பா சரிந்ததும் ஒரு பேருந்து நிறுத்தத்தில்தான். முன்பு என்றால் அந்த நினைப்பே என்னைக் கொன்றிருக்கும். அன்று மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன், கணவருக்குப் போன் செய்தேன், வலி அடங்கியதும் அடுத்த பேருந்தில் வீடு வந்தேன். உள்ளே ஒரு சமாதானம் இருந்தது. அது மாத்திரை தந்தது அல்ல.

இந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்கு மறுபடியும் சாட்சி எழுதித் தாருங்கள் என்று ஆயர் கேட்டபோது தயங்கினேன். பாதி சுகம் ஆனவளுக்குச் சாட்சி உண்டா என்றேன். "முழுசா சுகமானவங்க மட்டும்தான் பேசணும்னா நம்ம சபையில பேச ஆளே இருக்காதும்மா" என்றார். எழுதிவிட்டு ரூபி அக்காவிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து, இப்ப அடிக்கட்டுமா என்றார். வேண்டாம் அக்கா, இரண்டு பக்கமும் இருக்கட்டும் என்றேன். அக்கா மூடியைத் திருகிப் பேனாவை உள்ளே வைத்துக்கொண்டார்.

ஆகவே என் அன்பானவர்களே, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டோமே என்று எந்த வலியையும் முழுங்காதீர்கள். வலிக்கிறது என்று சொல்வதால் ஆண்டவர் சிறுத்துப் போவதில்லை. அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். எடுத்துப் போடும் என்று கேட்க முடியாத நாளில், இது என்னவென்று காட்டும் என்றாவது கேளுங்கள். அதற்கும் அவர் பதில் தருகிறார். எனக்குத் தந்தார்.

வருகிற ஞாயிறு முதல் நான் பழையபடி மூன்றாவது வரிசையில் உட்காரப் போகிறேன். வாசலோரத்துக் கடைசி பெஞ்ச் காலியாக இருக்கும். யார் அங்கே புதிதாகப் போய் உட்காருகிறார்கள் என்று ரூபி அக்கா எப்போதும் திரும்பிப் பார்ப்பார். இனிமேல் நானும் பார்ப்பேன்.